நான்கு பேர் படுத்த கூடாரம்

இன்று அந்த மலைக்காட்டில் ஒரு கூடாரம் அடிப்பதென்றால் நகரசபைக்கு மனுக் கொடுக்க வேண்டும். அடுப்பு மூட்டுவதற்கு வனக்காவலரிடம் தனியாகக் கேட்க வேண்டும். காளான் பிடுங்க ஆசைப்பட்டால் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த இத்தாலியத் தீவின் பலெர்மோ நகரில், ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து, மற்றவர்களின் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிப் படிவங்களையும் ஓய்வூதியப் படிவங்களையும் நிரப்பிக் கொடுத்தே என் தலை நரைத்தது. இப்போது எனக்கே ஓய்வூதியம் வருகிறது. ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் உங்களில் யாராவது ஒருவர் கையில் உறையோடு நிற்பீர்கள். "அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோவன்." பார்க்கிறேன். வேறு என்ன வேலை எனக்கு.

இது உங்களில் முதலில் வந்த பிள்ளைகளுக்காக எழுதுவது. பெற்றோருக்குப் பின்னால் வந்து இறங்கி, அவர்களோடு இருக்கக் கிடைக்காத பிள்ளைகளுக்காக. என் தம்பி இங்கே வந்த வருடம் நாங்கள் எந்த அனுமதியும் எடுக்காமல் காட்டுக்குப் போனோம். தம்பியை அங்கே விடுவதா, திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதா என்று முடிவெடுக்கத்தான் போனோம். அதற்கும் யாருடைய கையொப்பமும் தேவைப்படவில்லை.

எங்கள் குடும்பம் நான்கு பேர், நான்கு இடம். அம்மா லிபெர்த்தா என்ற வசதியான தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் தங்கி வேலை செய்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் அவருக்கு விடுமுறை. அப்பா ஒரு உணவகத்தின் பின்பக்கம் சட்டி கழுவிவிட்டு, ஸ்தாசியோனேக்குக் கிட்ட ஆறு ஆண்கள் படுக்கும் ஒரு அறையில் படுத்தார். நான் கன்னியர் மடத்து விடுதியில் இருந்தேன். அந்தக் கோடையில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த தம்பிக்கு நாலு வயது. மடத்தில் அந்த வயதில் எடுக்கமாட்டார்கள். ஆகவே சிஞ்ஞோராவின் குசினிக்குப் பின்னால், யன்னல் இல்லாத சாமான் அறையில், எண்ணெய்ப் போத்தல்களுக்கும் தக்காளிப் போத்தல்களுக்கும் நடுவே அவனுக்கு ஒரு மெத்தை போட்டார்கள்.

அங்கே அவனுக்கு இருமல் பிடித்தது. முட்டு இழுக்கும், மூச்சுவிடக் கஷ்டப்படுவான். இரவில் இருமல் சத்தம் கேட்டால் சிஞ்ஞோராவின் கணவர் பத்திரிகையை மடித்து வைப்பாராம். அவ்வளவுதான். சொன்னது சிஞ்ஞோரா. நவம்பர் முதலாம் திகதி சகல புனிதர் திருநாளுக்கு விருந்தினர் வருகிறார்கள், அதற்குமேல் பிள்ளையை வைத்திருக்க முடியாது என்றார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் காரியம் சுலபமாக இருந்திருக்கும். கையோடு ஒரு வழியும் சொன்னார். தீவின் வடக்குக் கரையை ஒட்டிய மலைக்காட்டில் அவருடைய உறவுக்காரி ஒருத்தி இருக்கிறாள், பிள்ளை இல்லை, புருஷனும் நல்ல மனிதன், நீங்கள் வீடு பார்க்கும்வரை வைத்திருப்பார்கள். சனி ஞாயிறு குடும்பமாகப் போய் அவர்களைப் பாருங்கள், ஞாயிறு மதியம் அவர்களிடமே பதில் சொல்லுங்கள். அதற்காக அம்மாவுக்குச் சனிக்கிழமையும் விடுமுறை தந்தார். அது பெரிய காரியம். திருநாளுக்குக்கூட அவர் அப்படித் தந்ததில்லை.

கூடாரம் என்று நான் சொல்வது மரியாதைக்கு. அப்பா மீன் லொறி ஓட்டும் ஒருவரிடம் இரவல் வாங்கிய, மீன் பெட்டிகளை மூடும் பச்சைப் படங்கு அது. பேருந்தில் ஏறியதும் முன் இருக்கைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாளை மீனின் வாடை. மடியில் ஒரு பானை, காலடியில் மண்ணெண்ணெய் அடுப்பு, அம்மாவின் கையில் நல்ல சேலையில் கட்டிய போர்வைகள். அந்த அடுப்பும் பானையும் பிறகு என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. அந்த மாதிரிச் சாமான்கள் யாரும் எறியாமலே காணாமல் போய்விடும்.

பேருந்து கடலை விட்டு மலைக்குத் திரும்பியதும் தம்பி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, காட்டிலை யானை நிக்குமோ?"

"இஞ்சை யானை இல்லையடா."

"கரடி?"

"கரடியும் இல்லை."

"அப்ப என்ன காடு இது?"

 காடு பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகம் இல்லை. ஊரில் ஆடித் திருநாளுக்குக் காட்டுக்குள் இருக்கும் மாதா கோயிலடியில் கொட்டில் போட்டுத் தங்கிய குடும்பம் அவருடையது. "கிழமைக் கணக்கிலை கிடந்த ஆக்கள் நாங்கள். இரண்டு நாள் என்ன பெரிய கதை?" என்றார்.

பேருந்தை விட்டு இறங்கியபோது குளிர் முதலில் காலில் ஏறியது. எங்கள் எல்லோருடைய காலிலும் செருப்பு. இலைகள் பழுத்து, தரை முழுவதும் செம்பு நிறத்தில் நனைந்து கிடந்தது. புகையும் காளானும் மாட்டுச் சாணமும் கலந்த ஒரு மணம். எங்கோ மாட்டு மணி கேட்டது, மாடு தெரியவில்லை. ஊரில் இப்படி ஒரு காலம் இல்லை. வெயில் இருக்கும், அல்லது மழை இருக்கும். ஒரு காடு முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து வாடுவதை அன்றுதான் பார்த்தேன்.

சிஞ்ஞோராவின் உறவுக்காரியும் புருஷனும் வாசலில் நின்றார்கள். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் உடனேயே காட்டுவீட்டம்மா என்று பெயர் வைத்துவிட்டோம்; புருஷன் காட்டுவீட்டையா. அவர் கட்டையான மனிதர், தலையில் துணித் தொப்பி. காட்டுவீட்டம்மா தம்பியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு ஒரு அறை தயாராக இருக்கிறது என்றார். வெள்ளை விரிப்புப் போட்ட பெரிய கட்டில் கதவிடுக்கால் தெரிந்தது.

அப்பா படங்கைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நன்றி. நாங்கள் வெளியே தங்குகிறோம்."

 அம்மாவுக்கும் அதுதான் விருப்பம். இந்த நாட்டுக்கு வந்தபிறகு நாங்கள் நான்கு பேரும் ஒரு கூரைக்குக் கீழே படுத்ததே இல்லை. அது மீன் நாறும் கூரையாக இருந்தாலும் எங்களுடைய கூரையாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

காட்டுவீட்டையா மேட்டுப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே பெரிய மரங்களுக்கு நடுவே கல்லும் வேருமாக ஒரு சமதரை. அப்பா "சி, சி", ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவர் வீட்டுக்குள் போனதும் கீழே இறங்கி, காய்ந்து கிடந்த ஓடைக்குள் இடம் பிடித்தார். மெத்தென்ற மணல். பக்கத்திலேயே ஒரு குழியில் தண்ணீர்.

"அந்தாள் மேலை எல்லோ காட்டினது?" என்றார் அம்மா.

"அவருக்கென்ன தெரியும்? மேலை கல்லு. இஞ்சை பாரும், மணல் மெத்தை மாதிரி. ஊரிலை குளத்துக்குள்ளதானே கொட்டில் போடுறனாங்கள்."

உண்மைதான். ஆடியில் குளம் வற்றியிருக்கும், மாரிக்கு இன்னும் மாதங்கள் கிடக்கும். இங்கே மாரி அடுத்த மலைக்குப் பின்னால் நின்றது. அப்பா தடி வெட்டினார், கயிறு இழுத்தார், விசிலடித்தார். அவர் விசிலடித்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சட்டி கழுவும் மனிதருக்கு விசில் எங்கிருந்து வரும்?

அந்தப் பின்னேரம் நன்றாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. அது நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் மிச்சத்தைச் சொல்வது சுலபம். அம்மா சோறு வடித்து, சாளைக் குழம்பு வைத்தார். காட்டுவீட்டையா ஒரு கடகம் நிறையக் கஸ்தாஞ்ஞா கொட்டைகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சுட்டுத் தின்றால் பலாக்கொட்டையின் சுவை. தம்பி தோலோடு வாயில் போட்டான். நான் அவனை வம்புக்கிழுத்தேன்.

"தவிட்டுக்கு வாங்கினதுக்குத் தோலும் கொட்டையும் ஒண்டுதான்."

"அம்மா! அக்கா பார்..."

"அவளுக்கென்ன தெரியும் ராசா. நீதான் என்ரை சொத்து."

எல்லா வீட்டிலும் கடைசிப் பிள்ளையை இப்படித்தான் சீண்டுவார்கள். எங்கள் வீட்டில் அது உண்மை. எனக்கும் அவனுக்கும் நடுவே பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இவனும் முட்டு இழுத்துக்கொண்டே பிறந்தான். ஆகவே அம்மா இவனைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் வைத்து, "இது உன்ரை பிள்ளை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் ஒரு கொத்துத் தவிடு அளந்து கொடுத்து அவனைத் திரும்ப வாங்கினார். சாவு தேடி வந்தால் வீடு மாறிப் போகட்டும் என்பது கணக்கு. சுவாமியாருக்குத் தெரியாமல் எங்கள் ஊரில் எல்லோரும் செய்தார்கள். பிள்ளை பிழைத்தான்.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அம்மா சொன்னார்: "இஞ்சருங்கோ, இவனை என்னாலை விடேலாது."

"சத்தம் போடாதையும். பிள்ளையள் கேக்குதுகள்."

"கேக்கட்டும். நாளைக்கு மத்தியானம் நானே சொல்லிப்போடுறன். இல்லை எண்டு."

"பேந்து? சிஞ்ஞோரா திருநாளோடை வெளிக்கிடச் சொல்லிப்போட்டா. ஆறு ஆம்பிளையள் படுக்கிற அறையிலை இவனை எங்கை கிடத்துறது? கூரை முகட்டிலை கட்டித் தூக்கிறதோ?"

"நான் வேலையை விடுறன். ஒரேத்தோத் தெருப் பக்கம் ஒரு அறை எடுப்பம். நாள்வேலைக்குப் போறன்."

"வேலையை விட்டால் உம்மடை பெர்மெஸ்ஸோ?"

"பெர்மெஸ்ஸோவையோ நான் பெத்தனான்?"

அப்பா சிரித்துவிட்டார். கொட்டை சுட்ட நெருப்புக்குள் ஒரு தடியைத் தள்ளினார். "சரி. நாளைக்குச் சொல்லிப்போட்டு நாலு பேருமாப் பஸ் ஏறுவம். மாதா விட்ட வழி."

வேலையை விட்டால் என்ன நடக்கும், புது வேலை தேட அவகாசம் உண்டா என்று குவெஸ்தூராவில், பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் கந்தோரில், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கப் போனால் பிடித்துவைத்துக்கொள்வார்கள் என்று பயந்த காலம் அது. அந்தப் பயத்தில்தான் நான் பிறகு என் தொழிலைத் தேடிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் அன்று முடிவு எடுத்தாயிற்று. தம்பி எங்களோடு வருகிறான். நான் அவனுடைய செருப்புகளைப் படங்கின் வாசலில் என்னுடையவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இருள் விழுகிற நேரம் மழை வந்தது. முதலில் இலைகளில் அரிசி கொட்டுவதுபோலச் சத்தம். படங்கு தாங்கியது. "பாத்தியோ?" என்றார் அப்பா. பிறகு எங்களுக்கு மேலே இருந்து இன்னொரு சத்தம் வந்தது. ஓடை தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. மண் நிறத்தில், இலைகளையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு, நாங்கள் படுத்த மணலுக்குமேல் அது ஓடியது. அடுப்பு அணைந்தது. பானை உருண்டது. அப்பா ஒரு கையால் தடியையும் மறு கையால் தம்பியையும் பிடித்தார். தடியைக் காப்பாற்ற முடியவில்லை, தம்பி இடுப்புவரை நனைந்துவிட்டான். செருப்புகள் போயின. நாங்கள் கரையில் ஏறி, வேர்களைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தம்பிக்கு இழுக்கத் தொடங்கியது. ஓட்டை விழுந்த துருத்திபோல ஒரு சத்தம். அம்மா அவனுடைய நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "மாதாவே, மாதாவே" என்றார்.

காட்டுவீட்டம்மா அரிக்கன் லாம்போடு சரிவில் இறங்கி வந்தார். எங்களைத் திட்டவில்லை. கேட்கவும் இல்லை. தம்பியை அம்மாவின் கையிலிருந்து எடுத்து, தன் கறுப்புக் கம்பளிச் சால்வைக்குள் திணித்துக்கொண்டு, திரும்பி மேலே ஏறினார். அம்மா வெறுங்கையோடு பின்னால் ஓடினார். அப்பா மட்டும் வரவில்லை. படங்கை இழுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு மழைக்குள் நின்றார். எதை இழுத்தாரோ.

காலையில் மழை விட்டிருந்தது. நான் கண் விழித்தபோது குசினியில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தம்பி யாரோ ஒரு பெரியவரின் சட்டைக்குள் இருந்தான், கை மடிப்பு மடிப்பாகச் சுருட்டியிருந்தது. பாலில் பாண் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னம் சிவந்திருந்தது. அம்மா எதிரே இருந்து அவனுடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை. சாமான் அறைக்கு வந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சத்தமில்லாமல் மூச்சு விட்டதில்லை.

அப்பாவின் பிழை படங்கோடு முடிந்திருக்கலாம். ஒரு சளியோடு, நாலு சோடிச் செருப்போடு. ஆனால் அம்மா அந்தக் காலையில் அதை வேறுவிதமாக வாசித்தார். தன் கூரைக்குக் கீழே பிள்ளைக்கு மூச்சு முட்டியது, இந்தப் பெண்ணின் கூரைக்குக் கீழே மூச்சு வந்தது. அதற்குமேல் அவருக்கு எந்த நியாயமும் தேவைப்படவில்லை.

எழுந்து வெளியே போனார். நானும் போனேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர வாளி. அதில் தவிடு. அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா நனைந்த படங்கை வேலியில் விரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ. தவிடு."

"கோழிக்கு வைச்சிருக்கினம்."

"தெரியும். அண்டைக்குக் குடுத்துத்தானே இவன் தப்பினவன்."

அப்பா படங்கை விட்டுவிட்டு வந்தார். "நேற்றுப் பின்னேரம் என்ன சொன்னனீர்? நாலு பேருமாப் பஸ் ஏறுறது எண்டெல்லோ கதைச்சனாங்கள்."

"அது ராத்திரிக்கு முதல்."

"அண்டைக்குக் குடுத்தது பக்கத்து வீட்டிலை. பின்னேரமே திரும்ப வாங்கிப்போட்டீர்."

"இதையும் வாங்கலாம். உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல் வாங்கிப்போடுவன்."

"இவைக்கு அந்த வழக்கம் தெரியுமே?"

"தெரியத் தேவையில்லை. குடுக்கிற எனக்குத் தெரிஞ்சால் காணும்."

அப்பா வாயைத் திறந்தார். பிறகு தன் வெறுங்காலைப் பார்த்தார். முந்திய நாள் ஓடைக்குள் படங்கு அடித்த மனிதருக்கு அந்தக் காலையில் பேச்சு உரிமை இருக்கவில்லை.

மதியம் எல்லோரும் குசினியில் நின்றோம். அம்மா தம்பியைத் தூக்கி, காட்டுவீட்டம்மாவின் கையில் வைத்தார். "இது உன்ரை பிள்ளை" என்றார், தமிழில், வழக்கப்படி. காட்டுவீட்டம்மா விழித்தார். அம்மா குசினியில் பொறுக்கிய இத்தாலிய மொழியில் திருப்பிச் சொன்னார்: "ஃபில்யோ தூவோ." எந்தத் தயக்கமும் இல்லாமல், தெளிவாக. காட்டுவீட்டையா தலையிலிருந்து தொப்பியை எடுத்தார், கோயிலுக்குள் எடுப்பதுபோல. காட்டுவீட்டம்மா அம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட்டு அழுதார். அம்மா அழவில்லை. கோழிக்கூட்டுப் பக்கம் கையைக் காட்டி, கொஞ்சம் தவிடு தரும்படி கேட்டார், பிள்ளையைத் திரும்ப வாங்கும் நாளுக்கு. நாங்கள் பலெர்மோவில் கோழி வளர்க்கிறோம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரு சாக்கே கட்டித் தந்தார்கள்.

அப்படிக் கொடுத்துவிட்டு வரும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது. நாங்கள் பார்க்கவில்லை. தம்பி அழவும் இல்லை. கஸ்தாஞ்ஞா உரித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்குக் காட்டுவீட்டையாவின் பழைய சப்பாத்து ஒரு சோடி கிடைத்தது. பேருந்தில் அதைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

தவிட்டுச் சாக்கு சிஞ்ஞோராவின் சாமான் அறையில், தம்பியின் மெத்தை இருந்த இடத்தில், இருந்தது. மாசியில் வண்டு பிடித்தது. சிஞ்ஞோரா அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அறைக்கு மருந்தடித்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்மசுக்கு, அவனைப் பார்க்கப் போனோம். திரும்பும்போது தம்பி பேருந்துக்குப் பின்னால் ஓடிவந்தான். மூன்று நாள் சாப்பிடவில்லையாம். அந்த ஊர்ச் சுவாமியார் சிஞ்ஞோராவுக்குச் சொல்லி அனுப்பினார்: பெற்றோர் கொஞ்சக் காலம் வராமல் இருப்பது நல்லது, பிள்ளை பழகட்டும். அம்மா கீழ்ப்படிந்தார். சுவாமியார் சொன்னால், சிஞ்ஞோரா சொன்னால், முத்திரை குத்திய யார் சொன்னாலும் நாங்கள் கீழ்ப்படிகிற ஆட்கள். உயிர்ப்பு ஞாயிறு போனது. அறை கிடைக்கவில்லை. கிடைத்த அறைக்கு எங்களைப் பிடிக்கவில்லை.

இன்று இப்படிப் பிள்ளையை வளர்க்கக் கொடுப்பதற்கு அஃபிதோ என்று பெயர். சமூகசேவகி வருவார், நீதிமன்றம் வரும், இத்தனை மாதம் என்று எல்லை போடுவார்கள், பெற்றோர் எப்போது பார்க்கலாம் என்று எழுதித் தருவார்கள். எத்தனையோ தாய்மாருக்கு அந்தக் காகிதங்களை நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். எங்களுடைய கதையில் யார் சட்டத்தை மீறியது என்று பழைய சட்டங்களையும் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மீறியவர் என்று சொல்ல ஒருவரும் அகப்படவில்லை.

தம்பி அந்த மலையூரில்தான் இருக்கிறான். மரம் அரிந்து விற்கும் மரக்காலை ஒன்று வைத்திருக்கிறான், பேரப்பிள்ளையும் கண்டுவிட்டான். எப்போதாவது தொலைபேசி எடுப்பான், ஏதாவது ஒரு நடைமுறை கேட்க. நான் இத்தாலிய மொழியில் விளக்குவேன். கவனமாகக் கேட்டுக்கொள்வான்.

கடைசியில் ஒரேத்தோவில் எங்களுக்கு இரண்டு அறை கிடைத்தபோது, தம்பியை விட்டுவந்து இரண்டு மாரி கழிந்திருந்தது. அம்மா நாள்வேலைக்கு மாறிவிட்டார், பெர்மெஸ்ஸோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஞாயிறு, அவனைக் கூட்டிவர மூன்று பேரும் வெளிக்கிட்டோம். அம்மா அவனுக்குப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தார், அளவை ஊகித்து. அவனுடைய கட்டிலுக்கு விரிப்புப் போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டினார்.

காட்டுவீட்டின் கதவைத் திறந்தது அவன்தான். ஆறு வயது, வாரிவிட்ட தலை, முழங்கால்வரை காலுறை. அம்மா, "ராசா" என்றார். அவன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். பிறகு உள்ளே ஓடினான். ஒளிக்க ஓடுகிறான் என்று நினைத்தேன். குசினியிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தான். அவனைவிட உயரமான கதிரை. அதன் இருக்கையைத் தன் சட்டைக் கையால் துடைத்து, அம்மாவுக்கு முன்னால் வைத்தான். இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"தம்பி, வெளிக்கிடு, வீட்டை போவம்" என்று அப்பா தொடங்கினார். அவன் விளங்காமல் சிரித்தான், வெளியாளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. உள்ளே காட்டுவீட்டம்மா அடுப்படியில் அசையாமல் நின்றது எனக்குத் தெரிந்தது. கையில் கோப்பிப் பாத்திரம். 

அம்மா அப்பாவின் கையைத் தொட்டார். கதிரையில் இருந்தார். சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"கிராட்சியே" என்று நன்றி சொன்னார், தன் மகனிடம்.

"ப்ரேகோ, சிஞ்ஞோரா" என்றான் அவன்.

நன்றாகத்தான் வளர்த்திருந்தார்கள்.